மடிப்பாக்கத்திலிருந்து ஸ்கார்பரோவுக்கு ஒரு மேஷ் பாடம்

கனடாவின் ஸ்கார்பரோவில் வளர்ந்தவனுக்குச் சென்னை பழக ஒரு கோடை போதாது. மனைவியின் வேலைக்காக வந்தோம், மடிப்பாக்கத்தில் வீடு. குளிக்க போர் தண்ணீர், அது வற்றினால் லாரித் தண்ணீர், குடிக்க கேன் தண்ணீர். எதற்கு எது என்று யோசிக்காமலே கை போகத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊர்க்காரன் ஆனது போலத் தோன்றியது.

அங்கே விட்டுவிட்டு வந்தது பியர் காய்ச்சும் பாத்திரங்களை. கனடாவில் விற்காமல், சொந்தத் தேவைக்கு வீட்டில் பியர் காய்ச்சிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் முடியாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். வீட்டில் காய்ச்சுவேன் என்று பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னால் அவர் காதில் கள்ளச்சாராயம் என்றுதான் விழும். ஆகவே பாத்திரங்கள் சித்தி மகனிடம் போயின, எனக்கு மிஞ்சியது வாய்ப்பேச்சு மட்டும்.

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம், பெரும்பாலும் பார்லி. அவன் இதுவரை அதன் கெட்டிச் சாறான மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தவன். இப்போது முழுத் தானியத்துக்கு மாறியிருக்கிறான்: மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைப்பது மேஷ், அதிலிருந்து வடியும் இனிப்பு நீர் வோர்ட். அவனுக்குச் சனிக்கிழமை காலை, எனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். வீடியோவில் வந்து நின்றான். "அண்ணா, சீனி இறங்குதில்லை."

கணக்கு போட்டோம். தண்ணீரின் அடர்த்தி 1.000, அதற்கு மேல் வோர்ட்டில் ஏறும் ஒவ்வொரு 0.001ம் ஒரு புள்ளி. ஒரு கிலோ பேல் (வெளிர்) மால்ட் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்தால் ஏறத்தாழ 300 புள்ளி, அதாவது ஒரு லிட்டருக்கு 1.300. 5 கிலோவுக்கு 1,500. அவனுக்குக் கிடைத்தது 25 லிட்டர், 1.036. இருபத்தைந்தை 36ஆல் பெருக்கினால் 900. ஆக 60 சதவீதம். வீட்டில் காய்ச்சுபவர்கள் பலருக்கு 70 முதல் 80 வரை வரும்.

மேஷை இரண்டு மணி நேரம் ஊறவிடட்டுமா என்று கேட்டான். எல்லாரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். நான் கேட்டது வேறு: வோர்ட்டை ஆறவைத்தா, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டாய்? சூடான வோர்ட் அடர்த்தி குறைவாகக் காட்டும். 20 டிகிரிக்கு அளவு குறித்த கருவியை 60 டிகிரி வோர்ட்டில் விட்டால் பத்துப் புள்ளிக்கும் மேல் காணாமல் போகும். சென்னையில் அறை வெப்பத்துக்கே மூன்று புள்ளி போய்விடும். அவன் ஆறவைத்துத்தான் அளந்திருந்தான். நல்ல பிள்ளை.

அடுத்து, உடைத்த மால்ட்டை ஒரு கை அள்ளி கேமரா முன்னால் காட்டச் சொன்னேன். பாதி மணிகள் முழுசாக இருந்தன. கடையில் உடைத்து வாங்கியது. என் அனுபவத்தில் புதியவர்களின் குறை பெரும்பாலும் இங்கேதான், தண்ணீரிலோ வெப்பத்திலோ அல்ல. உடையாத மணிக்குள் வெந்நீர் எளிதில் போகாது, உள்ளே இருக்கும் மாவுச்சத்து அப்படியே தங்கிவிடும். ரசத்துக்கு மிளகு தட்டுவது போல உடைய வேண்டும், பொடியாகக் கூடாது. உமி ஓரளவு முழுசாக இருந்தால்தான் அது வடிகட்டியாக நின்று வோர்ட்டைக் கீழே விடும். மால்ட் உடைக்கும் மில்லில் உருளைகளின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொன்னேன். அது ஒன்றிலேயே பெரிய மாற்றம் தெரிந்தது.

ஊறவைக்கும் நேரத்தைப் பற்றிய சந்தேகத்துக்கு அயோடின் போதும். வெள்ளைத் தட்டில் இரண்டு சொட்டு மேஷ் நீர், ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது, அதற்கு மேல் காத்திருப்பது வீண். 66 டிகிரியில் ஒரு மணி நேரம் பெரும்பாலும் போதும்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கேழ்வரகை முளைகட்டி அரைச்சா கஞ்சி கெட்டியாகாதே, அதானே?" அதேதான். முளைத்த தானியத்தில் இருக்கும் அமைலேஸ் என்னும் நொதி, மாவை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும், அதனால்தான் குழந்தைக்கு ஊட்ட ஏதுவாக இருக்கிறது. மாமியாருக்கு இது பாட்டி சொல்லித் தெரிந்தது. நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் விஷயத்தில் போர் தண்ணீரோடு வாழ்வது எனக்கு உதவியது. கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துக் கடினநீர் என்றாலே கெடுதல் என்று நினைக்கிறோம். மேஷுக்குக் கால்சியம் நல்லதுதான். தொல்லை தருவது பைகார்பனேட், அது மேஷின் பி.எச். (புளிப்பு கூடினால் இறங்கும் எண்) இறங்க விடாமல் பிடித்து வைக்கும். 5.2க்கும் 5.6க்கும் இடையே வர வேண்டும். வெறும் வெளிர் மால்ட் போட்டால் பல ஊர்த் தண்ணீரில் அது மேலேயே நிற்கும். சில மில்லி லாக்டிக் அமிலம் விட்டால் சரி.

கடைசியாக வடித்தல். அவன் தண்ணீர் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றி ஒரே தடவையில் வடித்தான். ஒரு கிலோ தானியம் ஏறத்தாழ ஒரு லிட்டரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 5 கிலோ என்றால் 5 லிட்டர் இனிப்பு நீர் குப்பைக்குப் போகிறது. தண்ணீரைப் பிரித்து, முதல் வோர்ட் வடிந்ததும் மீதியை 75 டிகிரியில் ஊற்றி, நன்றாகக் கிளறி, மறுபடி வடி என்றேன். அதைவிடச் சூடேற்றி, பி.எச்.சும் 6ஐத் தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும்.

இப்போது 1.044 வருகிறது, 73 சதவீதம். தொண்ணூறு வேண்டுமாம். எதற்கு? மிச்சமாகப் போவது ஒரு கிலோ மால்ட். ஒவ்வொரு தடவையும் அதே 73 வந்தால் போதும், வேண்டிய பியருக்குத் தானியத்தை நம்பி நிறுக்கலாம்.

அடுத்த முறை பாதிக்குப் பாதி கோதுமை மால்ட் போடப் போகிறான். கோதுமைக்கு உமி கிடையாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நெல் உமி கலக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே அதைக் கடையில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் மாமியார் செங்குன்றம் ரைஸ் மில்லிலிருந்து ஒரு மூட்டை அனுப்பட்டுமா என்று கேட்டார். கனடா சுங்கத்தில் அதை என்னவென்று எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.