இரண்டு மஞ்சளும் ஒரு வேப்ப மரமும்

அம்மாவின் அறைச் சுவருக்கு அடிக்கப் பார்த்த இரண்டு மஞ்சளும் பெயிண்ட் கடை ஷேட் கார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டம். "ரெண்டும் ஒண்ணுதானேடா, ஏதாவது ஒண்ணை வாங்கிட்டு வா" என்றார் அம்மா. அறை அவருடையது, அலைச்சல் என்னுடையது.

கடையில் ஒவ்வொரு மஞ்சளிலும் ஒரு சின்ன டப்பா கலக்கச் சொல்லி வாங்கி, நேராகச் சுவரிலேயே அடித்தேன். அதுதான் தப்பு. பழைய சுவர் ரோஸ். அதன் நடுவில் எந்த மஞ்சளும் பச்சை கலந்தது போலத்தான் தெரிகிறது. பெயிண்டர் அண்ணன் பார்த்துச் சிரித்தார். "வெள்ளை மேல அடிச்சுல்ல தம்பி பாக்கணும்."

சரி என்று இரண்டு சார்ட் அட்டை வாங்கி, ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டிரண்டு கோட்டிங் கொடுத்து ஒரு நாள் காயவைத்தேன். ஈரத்தில் பார்த்தது கணக்கில்லை; எமல்ஷன் பெயிண்ட் காய்ந்தால் கொஞ்சம் அழுத்தமாகிவிடும்.

காய்ந்த பிறகுதான் ஆள் அடையாளம் தெரிந்தது. ஒன்று எலுமிச்சைத் தோல் பக்கம், மற்றது அரைத்த சந்தனம். வடக்குப் பார்த்த ஜன்னல், வெளியே வேப்ப மரம். காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் பிடித்தால் இலை வெளிச்சம் பட்டு எலுமிச்சை மாம்பிஞ்சு நிறத்துக்குப் போய்விட்டது. சந்தனம் அசையவில்லை. ஆனால் அதையே தரைப்பக்கம் இறக்கினால், சிவப்பு ரெட் ஆக்சைடு தரையின் சாயல் ஏறி லேசாக ஆரஞ்சு அடித்தது. இரவில் டியூப்லைட் போட்டதும் கதை தலைகீழ்: எலுமிச்சை பளிச், சந்தனம் பழைய பேப்பர். டியூப்லைட் பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தது, அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு மாட்டிப் பார்த்தேன்; சந்தனத்துக்கு உயிர் வந்துவிட்டது. பெயிண்டை மாற்றுவதைவிட பல்பை மாற்றுவது மலிவு.

அம்மா பகலில்தான் அந்த அறையில் அதிகம் இருப்பார். அதனால் சந்தனம். ஆனால் கலரைப் பாதியாகக் குறைத்துக் கலக்கச் சொன்னேன். நாலு சுவரும் ஒன்றன் மேல் ஒன்று மஞ்சளை வீசும்போது, அட்டையில் மெலிதாக இருந்தது அறையில் தூக்கலாகிவிடும்.

ரோஸை மறைக்க அடிப்பூச்சாக வெள்ளை பிரைமர் அடித்து, நேற்று இரண்டாவது கோட்டிங் முடிந்தது. ஜன்னலுக்கு மேல் இன்னும் பிரைமர் எட்டிப் பார்க்கிறது. வெளிர் மஞ்சள் அவ்வளவு லேசில் மூடாது. நாளை அந்த இடத்துக்கு மட்டும் மூன்றாவது. மிச்ச எலுமிச்சையை மொட்டைமாடித் துளசித் தொட்டிக்கு அடித்தாயிற்று. வெயிலில் அங்கே அது நன்றாகத்தான் இருக்கிறது.