தூத்துக்குடியில் பொழுது சாய்ந்த பிறகு

சேலத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடி என்றால் திருச்செந்தூர் போகிற வழியில் டீ குடிக்க வண்டி நிறுத்துகிற ஊர். ராத்திரி வேன் கிளம்பி, விடியும்போது முருகனைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்பிவிடுவோம். "அங்கெல்லாம் தங்கி என்னத்தப் பார்க்கப் போற?" என்று அம்மாபேட்டை அத்தை கேட்டார், கேட்ட கையோடு மக்ரூன் மட்டும் ஒரு கிலோ வாங்கி வரச் சொன்னார். நான் பார்க்கப் போனது அந்த ஊரின் சாயங்காலத்தை.

பீச் ரோட்டில் ரோச் பூங்கா பக்கம் போய் உட்கார்ந்தேன். கிழக்குக் கரை என்பதால் சூரியன் முதுகுக்குப் பின்னால்தான் இறங்கும். போட்டோவுக்காக வந்தவர்கள் எல்லாரும் ஊர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். ஆனால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல காட்சி ஒன்று இருக்கிறது. அடிவானத்தை ஒட்டி நீலமும் சாம்பலும் கலந்த பட்டை ஒன்று, அதன் மேல் வெளிர் ரோஜா நிறத்தில் இன்னொன்று. கீழே இருப்பது பூமியின் நிழல். சூரியன் அந்தப் பக்கம் இறங்க இறங்க இந்த நிழல் மெல்ல மேலே ஏறி, ரோஜா நிறத்தைக் கரைத்துவிட்டு வானம் முழுக்கப் பரவிவிடுகிறது. இருட்டு கடலிலிருந்து எழுந்து வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம்ம ஊரில் அடிவானம் ஏது, வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கும்.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்ப்போமே, அவை நின்ற இடத்திலேயே மின்னும். இங்கே விளக்குகள் நகர்கின்றன. நங்கூரம் போட்ட கப்பலுக்கு முன்னும் பின்னும் வெள்ளை விளக்கு, பெரிய கப்பல் என்றால் மேல்தளம் முழுக்க வெளிச்சம். ஓடுகிற கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கப்பல் நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம். இது மட்டும் தெரிந்தால் போதும், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இங்கிருந்துதான், துறைமுகத்துக்கு அவர் பெயரை வைக்க 2011 வரை ஆகியிருக்கிறது!

ஆனால் இதெல்லாம் முன்னுரைதான். எட்டு மணிக்கு மேல் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். இங்கே விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி ராத்திரி 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி, அதனால் மற்ற ஊர்கள் கடையடைக்கிற நேரத்தில் இங்கே சந்தை கூடுகிறது. படகு அணைந்ததும் கூடை கூடையாக இறக்கி சிமெண்ட் தரையில் கொட்டுகிறார்கள். சுற்றி ஒரு கூட்டம் நிற்க, ஏலம் விடுகிறவர் வாயில் ஓடுகிற எண்கள் எனக்குப் புரிவதற்குள் அந்தக் குவியல் கைமாறி ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டது. காலடியில் ஒரு கணவாய் கிடந்தது. தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தன, இன்னும் உயிர் இருக்கிறது. ஐஸில் விறைத்த கடல் மீனும் மேட்டூர் கட்லாவும் தின்று வளர்ந்தவன், குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். "அண்ணாச்சி, வாங்குதியளா, சும்மா வேடிக்கையா? ஓரமா நில்லுங்க" என்று ஒரு அம்மா கூடையால் இடித்துவிட்டுப் போனார். நியாயம்தான், அவர்களுக்கு அது வேலை செய்கிற இடம்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகெல்லாம் கட்டியே கிடக்கும். தரை வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாடை இரண்டு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது.

அப்புறம் துறைமுக ரோட்டில் டீ குடிக்க ஒதுங்கினால், பக்கத்தில் நின்றவர் பேச்சில் "ங்க" அடிபட்டது. சங்ககிரி லாரிக்காரர். சரக்கை இறக்கிவிட்டு, திரும்பிப் போக லோடு கிடைக்காமல் காத்துக் கிடக்கிறாராம். நானும் சேலம்தான் என்றதும் டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டார். இருட்டு கடலிலிருந்து ஏறுவது, கப்பல் விளக்கு, ஏலம் என்று நான் அளந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "இத்தன வருசமா வர்றேன், எனக்கு இந்த ஊரு ராத்திரின்னா கொசுதாங்க ஞாபகம் வரும்" என்றார்.