இரண்டாவது சரணத்தை விழுங்காதீர்கள்

போன வாரம் ஒரு கீபோர்டுக்காரத் தம்பி போன் செய்து, "அண்ணா, நீங்க ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டில எல்லாம் போய்ப் பாடறீங்களாமே, உள்ள போறதுக்கு யாரப் புடிக்கணும்?" என்று கேட்டான். இந்த மாதத்தில் இதைக் கேட்ட மூன்றாவது ஆள் அவன். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் பேசித் தொண்டை போகிறது, பாடத்தான் தொண்டையை வைத்திருக்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் இருபது வருடம் கல்யாண ரிசப்ஷனில் பாடியவன். டிஜே வந்தது, எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழு நான்கு பேரானது, கொரோனா வந்து அந்த நான்கையும் கலைத்தது. 2022-ல் என் சித்தி வடவள்ளிப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு எடுத்துப் போனார். பார்க்கப் போன என்னைக் கையோடு ஹாலுக்கு இழுத்துப்போய், "எங்கக்கா பையன், நல்லாப் பாடுவான்" என்று நிறுத்திவிட்டார். மைக் இல்லை, பின்னணி இசைக்கு டிராக் இல்லை. மூன்று பாட்டுப் பாடினேன். மறு மாதம் அவர்களே கூப்பிட்டார்கள். நானாகத் திட்டம் போட்டு இதற்குள் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் வந்த பிறகு பட்டுத் தெரிந்துகொண்டது.

கோவையைச் சுற்றி, வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஓரிடம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் "முதியோர் இல்லம்" என்று ஒரே கணக்கில் போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே கதை முடிந்துவிடும். வீட்டை வாங்கியோ லீசுக்கு எடுத்தோ, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டி இருப்பவர்களிடம் போய் "முதியோர் இல்லத்துல புரோகிராம் பண்ண வந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "இல்லம் இல்ல தம்பி, இது என் வீடு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் மேனேஜர் இருப்பார், ஆனால் பாட்டுக்கு ஆள் முடிவு செய்வது பெரும்பாலும் அவரில்லை. குடியிருப்போர் சங்கத்தில் கல்ச்சுரல் கமிட்டி என்று மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர், எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவாகத்தான் பெரும்பாலும் இருப்பார், கையில் நோட்டோடு எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருப்பார். அவரைப் பிடியுங்கள். மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவன் நான். அதே இடத்தில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நேரில் போனேன். செக்யூரிட்டி, "யாரைப் பாக்கோணுங்க?" என்றார். "கல்ச்சுரல் பாக்கற அம்மாவை" என்றேன். பேர் தெரியாதுதான், ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் தேதி கிடைத்தது.

பதினொரு மணி என்று சும்மா சொல்லவில்லை. காலை நடை, குளியல், பூஜை, டிபன் எல்லாம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளி அது. இரண்டு மணிக்குப் போனால் ஊரே தூங்கும். கையில் ஒரே ஒரு தாள் போதும். பெயர், என்ன பாடுவீர்கள், எவ்வளவு நேரம், என்ன தொகை, போன் நம்பர், எல்லாம் பெரிய எழுத்தில். கூடவே போனில் இரண்டு நிமிட வீடியோ. அதை அந்த அம்மா அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போடுவார், அங்கேதான் உண்மையான தேர்வு நடக்கும்.

பொங்கல், சுதந்திர தினம், நவராத்திரி, அக்டோபர் 1 உலக முதியோர் நாள் இதற்கெல்லாம் அடித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரிக்காரர்கள், ரோட்டரி, லயன்ஸ் என்று வரிசையில் நிற்பார்கள், முக்கால்வாசிப் பேர் இலவசமாகவே வருவார்கள். காலியாகக் கிடப்பது வெறும் புதன்கிழமைகள்தான். அந்த மாதம் பிறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் கேக் வெட்டுகிற இடங்கள் உண்டு, அந்த நாளைக் கேளுங்கள். அடுத்த மாத நிகழ்ச்சி அட்டவணையைக் கடைசி வாரத்தில் எழுதுவார்கள், அதற்கு முன்னால் உங்கள் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்று என்று ஒத்துக்கொண்டால் தொகையைக் கொஞ்சம் குறைத்தே கொடுங்கள். வருடத்துக்கு ஒரு பெரிய கச்சேரியைவிட பன்னிரண்டு சின்னக் கச்சேரிதான் எனக்கு அரிசி வாங்கித் தருகிறது. மாதாமாதம் பார்த்துப் பழகிய முகம் வந்தால்தான் அவர்களுக்கும் பிடிக்கிறது, புதிதாக ஒருவர் வந்து அசத்திவிட்டுப் போவதில் யாருக்கும் அங்கே பெரிய ஆர்வமில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை இலவசமாகப் பாடலாமா? இருபது நிமிடம் பாடலாம், அது சாம்பிள். முழு நிகழ்ச்சியை இலவசமாகச் செய்தால் அடுத்த முறை காசு கேட்கும்போது நீங்கள்தான் கெட்டவர் ஆவீர்கள். நான் முதலில் வாங்கியது 2,500 ரூபாய், ஸ்பீக்கரைச் சுமந்து போன ஆட்டோ உட்பட. இப்போது பரவாயில்லை. டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் என்று அங்கேயே ஹாலில் வைப்பார்கள். அந்த நிகழ்ச்சிக்கு நல்ல தொகை கேட்கலாம், அவர்களும் யோசிக்காமல் கொடுக்கிறார்கள். நிறுவனம் நடத்தும் இடமென்றால் பில், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், பணம் வர ஒரு மாதம்கூட ஆகும். ஓர் இடத்தில் மூன்று மாதம் இழுத்தார்கள், நான்காவது மாதம் நான் போகவில்லை, உடனே வந்தது. ஐபிஆர்எஸ் லைசென்ஸ் பற்றியும் சிலர் கேட்பார்கள். சினிமாப் பாட்டைப் பொது நிகழ்ச்சியில் பாடுவதற்கான உரிமம் அது, நிகழ்ச்சியை நடத்துகிறவர் எடுப்பது. தேதி பேசும்போதே அதையும் பேசி முடித்துவிடுங்கள்.

அறக்கட்டளை நடத்துகிற, ஆதரவில்லாதவர்கள் இருக்கும் இல்லங்களில் காசு கேட்காதீர்கள். அங்கே யாராவது பிறந்தநாளுக்கோ பெற்றோர் திதிக்கோ ஒருவேளைச் சாப்பாடு போடுவார்கள், சிலசமயம் அவர்களே பாட்டுக்கும் ஏதாவது கொடுப்பார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் சாப்பிட்டுவிட்டு வரலாம். என் கொள்கை இது, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். என்ன பாடுவது? வயசானவர்கள்தானே, இளையராஜா ஹிட்ஸ் எடுத்துவிடலாம் என்று போகாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு எண்பது வயதில் இருப்பவர் 1945 வாக்கில் பிறந்தவர். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த 1965-ல் அவருக்கு இருபது வயது. இளையராஜா முதல் படத்துக்கு இசையமைத்த 1976-ல் அவருக்கு முப்பத்தொன்று, கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை, பாட்டுக் கேட்க எங்கே நேரம்? மனதில் ஒட்டிக்கொள்வது பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுதான். ஆனால் அதே ஹாலில் அறுபத்தைந்து வயதுக்காரரும் உட்கார்ந்திருப்பார், அவருக்கு இளையராஜா வரும்போது பதினாறு. தொண்ணூறு வயது அம்மாவும் அறுபத்தெட்டு வயது மகளும் சேர்ந்து குடியிருக்கிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பழையது என்பதற்குள்ளேயே மூன்று காலம் இருக்கிறது, மூன்றிலிருந்தும் எடுங்கள். வேலைக்காக பம்பாய், டெல்லி என்று அலைந்து திரும்பியவர்கள் நிறைய, அதனால் இரண்டு இந்திப் பாட்டு கட்டாயம். பாலக்காட்டுக்காரர்கள் இருந்தால் ஒரு மலையாளம். இலங்கை வானொலியையும் விவித் பாரதியையும் பற்றி நடுவில் ஒரு வரி பேசினால் போதும், அடுத்த பத்து நிமிடம் அவர்களே நிகழ்ச்சி நடத்துவார்கள், நீங்கள் தண்ணீர் குடிக்கலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கல்யாண மேடையில் நாங்கள் பல்லவி, ஒரு சரணம், முடித்துவிட்டு அடுத்த பாட்டு என்று ஓடுவோம். யாரும் கவனிக்க மாட்டார்கள், எல்லோர் கவனமும் ஐஸ்கிரீமில் இருக்கும். இரண்டாவது முறை போனபோது அதே பழக்கத்தில் ஒரு பாட்டை முதல் சரணத்தோடு நிறுத்திக் கும்பிட்டேன். கைதட்டல் வரவில்லை. இரண்டாவது வரிசையில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு ஐயா, "இன்னொரு சரணம் இருக்கே தம்பி, அதை முழுங்கிட்டியே" என்றார். எனக்கு அந்தச் சரணம் தெரியாது. உண்மையைச் சொன்னேன். அவர் உட்கார்ந்தபடியே பாட ஆரம்பித்தார், நான்கு வரியும் அட்சரம் பிசகாமல். மூன்றாவது வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் ஏறவில்லை, கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். கீபோர்டில் பின்னாலேயே தடவிக்கொண்டு போனேன். அன்றைக்கு விழுந்த பெரிய கைதட்டல் அவருக்குத்தான்.

அன்றிலிருந்து இரண்டு வேலை செய்கிறேன். ஒன்று, முழுப் பாட்டையும் மனப்பாடம் செய்கிறேன். இன்னொன்று, எல்லாப் பாட்டையும் சுருதியில் ஒரு கட்டை இறக்கிவிடுகிறேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தட்டு தட்டினால் முடிந்தது. ஒரிஜினல் சுருதியில் பாடினால் நம் திறமை தெரியும், ஆனால் அவர்களால் கூடப் பாட முடியாது. இறக்கினால் மொத்த ஹாலும் பாடும். கூடப் பாடியவர்கள்தான் மறுபடி கூப்பிடச் சொல்வார்கள், இதை நான் எழுதியே தருவேன்.

சத்தம் இன்னொரு விஷயம். காது சரியாகக் கேட்காது என்று வால்யூமை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகள்தான். அதனால் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. அதற்கு மேல் எக்கோவைப் போட்டுப் பாடினால் அவர்களுக்கு எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். எக்கோ இல்லாமல் பாட நம் ஆட்களுக்குக் கைகால் உதறும், தெரியும். பழகிக்கொள்ளுங்கள். பேஸை, அதாவது அடியில் தும் தும்மென்று வருகிற கனத்த ஒலியை, குறையுங்கள், பேசும்போது நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். காதில் மெஷின் வைத்திருப்பவரை ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காரவிடாதீர்கள், சத்தம் தாங்காமல் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார், அப்புறம் நீங்கள் வாயசைக்கிற படம்தான் அவருக்கு.

வயரெல்லாம் சுவரோரமாக ஓட வேண்டும், குறுக்கே போகிற இடத்தில் தரையோடு டேப் ஒட்டுங்கள். வாக்கரோ ஊன்றுகோலோ தட்டி ஒருவர் விழுந்தால் இடுப்பெலும்பு, ஆபரேஷன், ஆறு மாதம் படுக்கை. ஹாலுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்பதைத்தான். பளிச் பளிச்சென்று அடிக்கிற லைட், புகை இதெல்லாம் மேஜிக் செய்கிற நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வேண்டாம்.

நேரம் நாலரை மணி, டீ முடிந்ததும். ஐம்பது நிமிடம். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிதான், நீங்கள் என்ன ராகம் போட்டாலும் எழுந்து போய்விடுவார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தால் அங்கே காலை பத்தரைக்குப் போங்கள், சாயங்காலம் ஆக ஆக அவர்களில் சிலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். அங்கே மைக்கும் வேண்டாம், மேடையும் வேண்டாம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினாலே போதும். ஒரு அம்மா என்னோடு பாட்டு வரிகளைப் பாடுவதே இல்லை, சரணத்துக்கு முன்னால் வயலின் வருகிற இடம் வந்தால் மட்டும் அதை வாயாலேயே வாசிப்பார். நான் அங்கே நிறுத்திக்கொடுப்பேன்.

ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். தத்துவப் பாட்டென்றால் பெரியவர்களுக்குப் பிடிக்குமே என்று, வாழ்வு நிலையில்லை என்கிற ரகத்தில் ஒன்றை ஓர் இடத்தில் உருக்கமாக எடுத்துவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா பாதியில் எழுந்து போனார். அவருடைய கணவர் காலமாகி இருபது நாள்தான் ஆகியிருந்ததாம். கமிட்டி அம்மா என்னைத் திட்டவில்லை, ஆனால் இப்போதெல்லாம் போவதற்கு முந்தின நாள் போன் செய்து, "அம்மா, அங்க எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டுப் பட்டியலை எழுதுகிறேன்.

வீடியோ எடுத்து யூடியூபில் போடாதீர்கள். காப்பிரைட் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்கள் முகத்தை அவர்களைக் கேட்காமல் போடுவது தப்பு. உங்கள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் போட்டி. நீங்கள் நினைக்கிற மாதிரி இன்னொரு இசைக்குழு இல்லை, தம்போலா, எண்ணைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடிக்கிற விளையாட்டு. நிகழ்ச்சி நடக்கிற அன்று தம்போலாவும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தேதி கொடுங்கள். ஒருமுறை தெரியாமல் போய் ஆறு பேருக்குப் பாடினேன், அதில் இரண்டு பேர் செவிலியர்கள்.

அந்தக் கீபோர்டுத் தம்பியை இந்தப் புதன்கிழமை என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பாட்டு அவன் பாடட்டும், கமிட்டி அம்மா கண்ணில் படட்டும். வரும்போது அகலமான டேப் ஒரு ரோல் வாங்கிவரச் சொன்னேன், என்னிடம் இருந்தது போன வாரமே தீர்ந்துவிட்டது.