பல்லை எடுத்த பிறகு எழுபது நாள்

தை பிறந்த பத்தாம் நாள். வலது கீழ்க் கடவாப்பல்லை எடுக்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல். கடலைமிட்டாய் கடித்ததில் வேர் வரைக்கும் பிளந்து, ஈறோரம் சீழ் கட்டியிருந்தது. வேர் பிளந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. "எடுத்த கையோடு இம்ப்ளான்ட் வைத்துவிடுங்கள் டாக்டர், அம்பாசமுத்திரத்திலிருந்து எத்தனை தடவை ரயிலேறி வருவது?" என்று கேட்டேன். முடியாது என்றார். இம்ப்ளான்ட் என்றால் பல் இருந்த இடத்தில் தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியத் திருகு. எலும்பு அதோடு ஒட்டிய பிறகு மேலே கேப் மாட்டுவார்கள்.

எனக்குக் கோபம்தான். சென்னையிலிருந்து மதினி போனில் வேறு ஏற்றிவிட்டாள்: "எனக்கு முன்பல்லைப் பிடுங்கின அன்னைக்கே வச்சிட்டாவ. ஒனக்கு என்னத்துக்கு இம்புட்டு நாள் இழுக்காவ?"

டாக்டர் களக்காட்டுப் பக்கத்துக்காரர். பொறுமையாகச் சொன்னார். மதினிக்கு ஒற்றை வேர்ப் பல். சீழ் இல்லை, குழியைச் சுற்றி எலும்புச் சுவர் முழுசாக இருந்தது, திருகு பிடித்து நின்றது. எனக்கோ பிளவு ஓடிய பக்கத்தில் வெளிச்சுவரைச் சீழ் அரித்திருந்தது. அதற்குள் திருகை வைத்தால் ஆடும். ஆடினால் எலும்பு அதைச் சேர்த்துக்கொள்ளாது.

"அப்போ ஆறு மாசம் கழிச்சு வாரேன்" என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"டீச்சர், நாத்து நடுத மாதிரிதான் இது. தொளி கலங்கிக் கெடக்கும்போதே நட்டா நாத்து மிதக்கும். காஞ்சு வெடிச்ச பொறவு நட்டா வெரலே எறங்காது."

பல் போனதும் குழியில் ரத்தம் உறைகிறது. ஆறேழு வாரத்தில் ஈறு மூடிவிடும். உள்ளே எலும்பு நிறைய மூன்று, நான்கு மாதம் வேண்டும். ஆனால் அதே சமயத்தில் கன்னத்துப் பக்கச் சுவர் உள்வாங்கிக்கொண்டே வரும். முதல் மூன்று மாதத்தில்தான் அது அதிகம். ஆகவே சீழ் அடங்கி, ஈறு மூடி, சுவர் ரொம்பவும் ஒடுங்காத ஒரு வேளையைப் பிடிக்க வேண்டும். எனக்கு அது பத்து வாரம்.

இதை நம்புவதற்கு என் இடது பக்கமே சாட்சி. அங்கே ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கடவாப்பல்லை எடுத்தபோது, இம்ப்ளான்ட் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பல்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது எடுத்த ஸ்கேனில் அந்த இடத்தில் எலும்பின் அகலம் 4 மில்லிமீட்டர்தான். பக்கத்துப் பல் குழிக்குள் சாய்ந்திருக்கிறது, மேல்பல் இறங்கியிருக்கிறது. திரையில் பார்த்தபோது மனசு கனத்துப்போனது. கடவாப்பல்லுக்கு வைக்கும் திருகே 4.5, 5 மில்லிமீட்டர் குறுக்களவு. இம்ப்ளான்ட் வைப்பதா, எப்போது வைப்பது என்பது பல்லைப் பிடுங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி. பிடுங்குகிற விதமே அதனால் மாறும். வலது பக்கப் பல்லை இழுத்து ஆட்டாமல், இரண்டு வேரையும் அறுத்துத் தனித்தனியாக எடுத்தார், எலும்பு உடையாமலிருக்க.

அன்று பஞ்சைக் கடித்தபடியே ரயிலேறினேன். துப்பக்கூடாது, உறிஞ்சிக் குடிக்கக்கூடாது. உறைந்த ரத்தம் பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து வலி உயிரை எடுக்கும். சொதியும் குழைந்த சோறுமாக ஒரு வாரம் ஓடியது.

அந்தப் பத்து வாரம் வீண் போகவில்லை. என் மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 8.4 சதவீதம் இருந்தது. சுகர் கூடினால் புண்ணும் ஆறாது, எலும்பும் கூடாது. சுகர் டாக்டரிடம் மாத்திரையை மாற்றி, சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் நடந்து, பங்குனியில் 7.1க்குக் கொண்டுவந்தேன்.

எழுபதாம் நாள் மறுபடி ஸ்கேன். தாடைக்குள் ஓடும் நரம்பு வரைக்கும் 14 மில்லிமீட்டர் இருந்தது. 10 மில்லிமீட்டர் திருகு போதும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டபின் வலி தெரியவில்லை, தாடை அதிர்ந்ததுதான் தெரிந்தது. எலும்பு சூடேறினால் செத்துவிடுமாம், அதனால் தண்ணீர் பீச்சிக்கொண்டே மெல்லத் துளையிட்டார். வெளிச்சுவர் குறைந்த இடத்தில் கொஞ்சம் எலும்புத்தூள் வைத்துத் தைத்தார். முக்கால் மணி நேரம்.

பிறகு மூன்று மாதம் காத்திருப்பு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்று சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க் கண்டறிந்து, 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தாராம். அறிவியல் டீச்சரான எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் கேப் மாட்டினார்கள். வீட்டுக்கு வந்து வறுத்த கடலையை அந்தப் பக்கமே போட்டு மென்றேன். இடது பக்கத்துக்கு எலும்பு வைக்க ஆவணியில் தேதி கேட்டிருக்கிறேன்.