காய்ச்சல் வார்டில் வலிப்பு: பழைய மாத்திரைச் சீட்டு எங்கே?

ஃப்ளூ, கொரோனா என்று மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவருக்குத் திடீரென வலிப்பு வந்தால், கிருமி மூளைக்குள் போய்விட்டது என்று வீட்டார் பதறுகிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. ஆக்சிஜன் குறைவு, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து லிட்டருக்கு 120 மில்லிமோலுக்குக் கீழே இறங்குவது, சர்க்கரை சரிவது, அல்லது ஏற்கெனவே எடுத்துவந்த வலிப்பு மாத்திரை நின்றுபோவது. கடைசியாகச் சொன்னதுதான் மனதை அறுக்கிறது, முழுக்கத் தடுக்கக்கூடியது அது. வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வேளை தவறினாலே சிலருக்குப் போதும். விழுங்க முடியாவிட்டால் லெவெடிராசெட்டம், வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் ஊசியாக உண்டு. கேட்டு வாங்குங்கள்.

மருந்துகளும் மோதும். வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றினால் ஓரிரு நாளில் வால்ப்ரோயேட் அளவு விழுந்துவிடும், டோஸைக் கூட்டினாலும் ஈடாகாது. வேறு ஆன்டிபயாடிக் பார்க்க வேண்டும், இல்லையென்றால் லெவெடிராசெட்டம் சேர்க்க வேண்டும். கார்பமசெபைன், ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரைகள் எடுப்பவருக்குக் கொரோனா மருந்தான பாக்ஸ்லோவிட் கூடவே கூடாது.

வலிப்பு வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, கையில் சாவி எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் பெரியவருக்கு வலிப்பை நிறுத்தும் லோரசெபாம் 4 மி.கி. ரத்தக் குழாயில் போடுவார்கள். துடிப்பு நின்று அரை மணி ஆகியும் விழிக்கவில்லையா? மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். உடல் அசையாமலே மூளையில் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம்.