சோடியம் குறைந்தால் உப்பு குறைந்ததாகுமா?

நர்சிங் படிக்கும்போது எனக்கு நெடுநாள் பிடிபடாமல் போக்குக் காட்டிய பாடம், உடலின் நீர்ச் சமநிலை. சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 என்று எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் வார்டில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும், இந்த எண்ணுக்கும் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காது.

முதலில் கைகொடுத்தது ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்குள்ளே. வெளியே இருக்கும் 14 லிட்டரிலும் பிளாஸ்மாவாக, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியாக, இரத்தக் குழாய்க்குள் ஓடுவது 3 லிட்டர் சொச்சம்தான். நாம் ஊசி போட்டு எடுப்பது அந்தக் கொஞ்சத்திலிருந்து. மற்றதையெல்லாம் கண்ணாலும் கையாலும் அளவுக் குடுவையாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சோடியம் எனக்கு விளங்கியது ஒரு இதயச் செயலிழப்பு நோயாளியிடம். இரண்டு காலும் வீங்கியிருந்தன, சோடியம் 128. “குறைவா இருக்கே சிஸ்டர், உப்பு ஏத்துவாங்களா?” என்று கேட்டேன். வார்டு சிஸ்டர் பதில் சொல்லாமல் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து எடுத்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. “உப்பு குறையலம்மா, தண்ணி கூடிப்போச்சு” என்றார்.

ரிப்போர்ட்டில் வரும் சோடியம், உடலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. அந்த நோயாளியின் உடலில் உப்பும் அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம். அதனால் குடிக்கும் தண்ணீருக்குக் கட்டுப்பாடு, சிறுநீர் பிரிய மருந்து. வாந்தியும் பேதியுமாகி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் இதே 128 வரலாம். அவருக்குத் தேவை நார்மல் சலைன் என்கிற உப்புநீர் டிரிப்ஸ். எண் ஒன்று, சிகிச்சை நேரெதிர். எது என்று பிரித்துக் காட்டுவதில் உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் நாம் எழுதும் இன்டேக்-அவுட்புட் சார்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அது வெறும் எழுத்து வேலை இல்லை என்று அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது.

சார்ட்டில் அதிகம் விட்டுப்போவது ஆன்டிபயாடிக் கலக்கும் சலைன். வேளைக்கு 100 மில்லி, மூன்று வேளை என்றால் 300 மில்லி கணக்கில் வராமலே உள்ளே போகிறது. வியர்வையையும் மூச்சில் போகும் ஈரத்தையும் அளக்க முடியாது. அதனால்தான் தினமும் எடை பார்க்கச் சொல்கிறார்கள். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே தராசில். ஒரே நாளில் 1 கிலோ ஏறினால் அது சதை இல்லை, ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர். சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் கீழே போனால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி.

நீர் வற்றினால் ஹீமாட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறும். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான யூரியாவும் ஏறும், அதுவும் இன்னொரு கழிவான கிரியாட்டினினைவிட வேகமாக. இது புரிய எனக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

பொட்டாசியம் வேறு கதை. உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே கிடக்கிறது. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அது வெளியே கொட்டி, எண் பொய்யாக ஏறிவிடும். கையில் கட்டும் டூர்னிக்கே பட்டையை இறுக்கி வெகுநேரம் விடுவது, கையை மூடி மூடித் திறக்கச் சொல்வது, குழாயைக் குலுக்குவது எல்லாமே ரிசல்ட்டைக் கெடுக்கும். டிரிப்ஸ் ஓடும் கையிலிருந்து எடுத்தால் எல்லா எண்களுமே நம்ப முடியாமல் போகும்.

அதற்காக 6.8 என்று வந்ததும் ‘சாம்பிள் உடைஞ்சிருக்கும்’ என்று ஒதுக்கிவைக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லி, ஈசிஜி எடுத்து, அப்புறம் புது சாம்பிள் எடுத்து அனுப்ப வேண்டும். கூடவே கால்சியம் காரணமில்லாமல் அடியோடு குறைந்திருந்தால், இரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்து, சோடியம், பொட்டாசியம் பார்க்கும் பயோகெமிஸ்ட்ரி குழாயில் கலந்ததா என்று பாருங்கள். அந்த மருந்தில் இருப்பது பொட்டாசியம் உப்பு, கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் பயோகெமிஸ்ட்ரி குழாயை முதலில் நிரப்பிவிட்டு, ஊதா மூடியை அதற்குப் பிறகு எடுங்கள்.