கொலுப்படியில் ஹாங்க் ஆரன்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எங்கள் வீட்டுக் கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் தம்பதிக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே, மட்டையை ஓங்கியபடி பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் பொம்மையாக நிற்கிறார். தொட்டால் தலையாட்டுவார். அவருக்கு இந்தப் பக்கம் இன்னொரு வீரர் ராபின் யவுண்ட், அந்தப் பக்கம் மைக்கோடு வர்ணனையாளர் பாப் யூக்கர். மூவரையும் கொடுத்தவர் என் அமெரிக்க மாமியார். கொலு பார்க்க வரும் நம் ஊர்க்காரர்கள் அம்பாளைக் கும்பிட்டு நிமிர்ந்ததும் இவர்களைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். கையில் சுண்டலுடன் நிற்பவர்களிடம் பாதிக்கு மேல் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரி. கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் வந்து இறங்கியது ஒரு ஜனவரி. மிச்சிகன் ஏரியின் கரையோரம் உறைந்து கிடந்தது. அந்த வாரமே மாமியார் ஒரு சிறிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். மருமகள் வீட்டுக்கு வந்தால் பட்டுப்புடவையும் வளையலும் கொடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. பெட்டிக்குள் இருந்தது சீருடை அணிந்த ஒரு பேஸ்பால் வீரரின் தலையாட்டி பொம்மை. கூடவே, கோடு போட்ட சிறிய அட்டையில் மாமியார் கைப்பட எழுதிய குறிப்பு: "ராபின் யவுண்ட். 18 வயதில் மில்வாக்கி புரூவர்ஸ் அணிக்கு வந்தார். 20 பருவங்கள் ஆடினார். வேறு அணிக்குப் போகவே இல்லை."

ஏன் இவரை முதலில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "வந்த இடத்தில் வேர் பிடித்தவர், அதனால்தான்" என்றார். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "நல்ல மனுஷி, யோசித்துக் கொடுத்திருக்கிறார்" என்று அம்மா சொன்னார். அன்றிலிருந்து அவரை நான் அத்தை என்றே கூப்பிடுகிறேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

இங்கே பாபிள்ஹெட் என்று அழைக்கப்படும் இந்தப் பொம்மைகள் 1960களில் ஜப்பானில் காகிதக் கூழால் செய்யப்பட்டு அமெரிக்காவுக்கு வந்தன. பிறகு சில காலம் மங்கிக் கிடந்தன. 1999இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி, தன் பழைய நட்சத்திர வீரர் வில்லி மேஸின் பொம்மையை மைதானத்துக்கு வந்த ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிறகு மற்ற அணிகளும் தொடங்கின. இன்று பொம்மை கொடுக்கும் நாளில் வாசல் திறக்கும் முன்பே வரிசை நீண்டுவிடுகிறது. இவற்றுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் 2019இல் மில்வாக்கியிலேயே திறக்கப்பட்டது. அத்தை என்னை அங்கே அழைத்துப் போனார். ஆயிரக்கணக்கான தலைகள் ஆடக் காத்திருக்கும் அந்த அறையில் எனக்கு நினைவு வந்தது தஞ்சாவூர்தான். இடுப்பும் உடலும் தலையும் தனித்தனியே கம்பி முனையில் அமர்ந்து ஆடும் எங்கள் பொம்மையைக் கைபேசியில் காட்டினேன். இந்த வித்தையை உங்கள் ஊரில் இவ்வளவு அழகாகச் செய்கிறார்களா என்று வியந்தார். அம்மாவிடம் சொன்னேன், பஞ்சு சுற்றி, துணி சுற்றி, சம்பந்திக்கு ஒரு தஞ்சாவூர் பொம்மை வந்து சேர்ந்தது. அத்தை வீட்டு அலமாரியில் யூக்கருக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

கொலு தொடங்கியதும் இந்தப் பரிசுகளுக்கு ஒழுங்கு வந்தது. என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த மரப்பாச்சி ஜோடியை மேலே வைத்து, சில பொம்மைகளோடு ஐந்து படி கட்டினேன். ஒவ்வொரு பொம்மையையும் அத்தை தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்ற வழக்கத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் வரை அவர் காத்திருப்பதில்லை. பேஸ்பால் பருவம் முடிவை நெருங்கும் செப்டம்பரிலேயே, நவராத்திரிக்கு முன், பொம்மை வந்துவிடுகிறது. தசாவதாரத்தோடு வைக்கலாமா என்று கேட்ட கணவருக்கு, மனிதர்களுக்குக் கீழ்ப்படி என்று என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னவர் அவர்.

யூக்கர் இந்த நகரத்துப் பிள்ளை. 1971 முதல் 2024 பருவம் வரை வானொலியில் புரூவர்ஸ் ஆட்டங்களை வர்ணித்தார். 2025 ஜனவரியில் மறைந்தார். என் முதல் கோடைக்காலத்தில் அத்தை வீட்டுச் சமையலறையில் அவர் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். சேப்பாக்கம் டெஸ்டுக்குத் தமிழ் வர்ணனை கேட்ட அப்பாவின் மகளுக்கு, பந்தைக் கண்ணால் பார்க்காமல் காதால் பார்ப்பது புதிதில்லை. விதிகளை நான் அப்படித்தான் கற்றேன்.

ஆனால் என்னிடம் உள்ளவற்றில் நான் உயிராக நினைப்பது, பேஸ்பால் வீரரின் படம் அச்சிட்ட ஓர் அட்டை. டாப்ஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஹாங்க் ஆரன் அட்டை. படச்சுருளைத் திருப்பி அச்சிட்டுவிட்டதால் வலக்கை ஆட்டக்காரரான ஆரன் அதில் இடக்கையராக நிற்பார். அந்த ஆண்டுதான் ஆரன் ஆடிய மில்வாக்கி பிரேவ்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸை வீழ்த்தி, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. அட்டை அத்தையின் அண்ணனுடையது. மற்ற அட்டைகளை எல்லாம் சைக்கிள் சக்கரக் கம்பியில் துணிக்கிளிப்பால் மாட்டிச் சடசடக்க ஓட்டிய பையன், இதை மட்டும் மாட்டவில்லையாம். மூலைகள் தேய்ந்து, நடுவில் ஒரு மடிப்போடு இருக்கிறது.

அதைக் கொடுத்த மாலையில் அத்தை முழுக் கதையையும் சொன்னார். 1965 பருவத்தோடு பிரேவ்ஸ் அணி அட்லாண்டாவுக்குப் பெயர்ந்துவிட்டதையும், சிறுமியாக இருந்த தான் அழுததையும். பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) சாதனையை ஆரன் நெருங்கியபோது, அவர் கறுப்பர் என்பதற்காகவே கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்ததை. 1974 ஏப்ரலில் அவர் அதைக் கடந்ததை. பிறகு புரூவர்ஸ் அணிக்காக மில்வாக்கிக்கே திரும்பி வந்து, 1976 ஜூலை 20 அன்று தன் கடைசி, 755ஆவது ஹோம் ரன்னை இங்கேயே அடித்ததை. எதையும் பூசி மெழுகிச் சொல்லவில்லை. இந்த நாட்டில் என் நிறத்தோடு வாழப் போகிறவளுக்கு நல்லதை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது என்று அவர் நினைத்தார் என்பது எனக்குப் புரிந்தது. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்று சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பங்குப் பத்திரம். கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தனி முதலாளி கிடையாது; 1923 முதல் பொதுமக்களே பங்குதாரர்கள். 2021இல் ஒரு பங்கு 300 டாலர் என்று விற்றபோது அத்தை என் பெயரில் ஒன்று வாங்கினார். ஈவுத்தொகை வராது, லாபத்துக்கு விற்க முடியாது. குடும்பத்துக்குள் மட்டும் கைமாற்றலாம். எதற்கு வாங்கினார்கள் என்று அப்பா கேட்டார். கும்பாபிஷேகத்துக்கு ஊரே பணம் போடுவது மாதிரி என்றேன். உடனே பிடிபட்டது அவருக்கு.

புதிதாக வரும் பெண்கள் சிலர், மாமியார் கொடுக்கும் இப்படிப்பட்ட பொருட்களை நிலவறையில் போட்டுவிடுகிறார்கள். இணையத்தில் என்ன விலை போகும் என்று என்னிடமே விசாரித்தவர்கள் உண்டு. நான் அவர்களிடம் வேண்டிக் கேட்பது ஒன்றுதான்: விலையைப் பார்க்கும் முன், கொடுத்தவரை உட்காரவைத்துக் கதையைக் கேளுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். என் ஆரன் அட்டைக்கு மடிப்பினால் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. அத்தையின் குறிப்போடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறேன். இரண்டையும் பிரிக்க விடமாட்டேன்.

இப்போதெல்லாம் அத்தைக்கு எழுதும்போது கை நடுங்குகிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். 1976 வரை முடித்துவிட்டோம். புரூவர்ஸ் அணி உலகத் தொடருக்குப் போன ஒரே ஆண்டு 1982. ஏழாவது ஆட்டம்வரை இழுத்துச் சென்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் தோற்றது. அந்த ஆண்டுக்கென்று அவரிடம் ஒரு தனிப்பெட்டியே இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு, மதியச் சாப்பாடும் இங்கேதான் என்று சொல்லியிருக்கிறார்.